நானூற்றுப் பத்து ஜெபமாலை

கையெழுத்து நன்றாக இருந்தால் ஆளும் நல்லவன்தான் என்று எங்கள் பள்ளிக்கூடத்து ஃபாதர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் மாதா சபைக்கு என்னைச் செயலாளன் ஆக்கினார்கள். பக்தியில் நான் வகுப்பில் பத்தாவது ஆளாகக்கூட வரமாட்டேன். ஆனால் இங்கிலீஷ் எழுத்துகளுக்கு வால் வைத்துச் சுழித்து எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நீல நாடாவில் ஒரு மெடலைக் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு தாராவிச் சந்துகளில் நடந்தபோது எனக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே, இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பள்ளிக்கூடம் மாட்டுங்கா பக்கம். ஆண்பிள்ளைகள் மட்டும் படிப்பது. காலையில் மணி அடித்ததும் ஒரு ஜெபம், பன்னிரண்டு மணிக்கு ஒரு ஜெபம், வீட்டுக்கு விடும்போது ஒரு ஜெபம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பூசை. கத்தோலிக்கப் பையன்கள் எல்லாரும் நன்மை, அதாவது ஃபாதர் நாக்கில் வைக்கிற அப்பம், வாங்கியாக வேண்டும். வெறும் வயிற்றோடு போய், பூசை முடிந்ததும் கொடுக்கிற பன்னையும் டீயையும் நினைத்துக்கொண்டே முழங்காலில் இருப்போம். அறுபதுகளின் நடுப்பகுதி அது. பூசையில் லத்தீன் போய் இங்கிலீஷ் வந்துகொண்டிருந்தது. லத்தீனில் புரியாமல் சொன்னதை இங்கிலீஷில் புரியாமல் சொன்னோம், அவ்வளவுதான் எங்களுக்கு வித்தியாசம்.

வகுப்பில் கோவாக்காரப் பையன்களும் மங்களூர்ப் பையன்களும்தான் அதிகம். தமிழ்ப் பையன்கள் நாலைந்து பேர். நாங்கள் தமிழில் இரண்டு வார்த்தை பேசிவிட்டால் போதும், 'யண்டுகுண்டு, யண்டுகுண்டு' என்று கேலி செய்வார்கள். அந்த நாலைந்து பேரில் ஒருவன் எங்கள் சந்துக்காரன். என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிறவன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர்கள், அவர்களும் அதே பக்கத்து இந்துக்கள். என் அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. அவன் அப்பா தோல் கிடங்கில் மேஸ்திரி. மகன் இங்கிலீஷ் படிக்க வேண்டும் என்று அவர் ஃபாதரிடம் நடையாய் நடந்து இடம் வாங்கியிருந்தார். எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும்போது அவனைப் போன்ற பையன்களை வேறு அறைக்கு அனுப்பி 'மாரல் சயின்ஸ்' என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். பொய் சொல்லக் கூடாது என்பது இரண்டு அறையிலும் உண்டு.

'ஸ்பிரிச்சுவல் பொக்கே' என்று ஒரு வழக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் அதை ஞானப் பூச்செண்டு என்பார்கள். யாருக்காவது திருநாள் என்றாலோ, யாராவது சீக்காகக் கிடந்தாலோ, பூவுக்குப் பதிலாக ஜெபங்களைக் கட்டிக் கொடுப்பது. ஒவ்வொரு பையனும் ஒரு துண்டுச் சீட்டில், இத்தனை பூசை கண்டேன், இத்தனை ஜெபமாலை சொன்னேன், இத்தனை ஒறுத்தல் செய்தேன் என்று எழுதிப் பெட்டியில் போடுவான். செயலாளன் அதையெல்லாம் கூட்டி, மாதா படம் ஒட்டிய அட்டையில் அழகாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒறுத்தல் என்றால் ஆசைப்பட்டதை விடுவது. பிடிக்காத கத்திரிக்காய்க் கறியைத் தொடாமல் வைத்துவிட்டு அதையும் ஒறுத்தல் கணக்கில் எழுதியவன் எங்கள் வகுப்பில் உண்டு.

என் கூட்டாளியின் அம்மாவுக்கு அந்த வருஷம் டி.பி. வந்துவிட்டது. முதலில் சளி என்றார்கள், பிறகு சூடு என்றார்கள். கடைசியில் முனிசிபாலிட்டி டாக்டர் படம் எடுத்துப் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் பெட் கிடைப்பது அன்றைக்குக் குதிரைக்கொம்பு. பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். விஷயம் வகுப்பு ஃபாதரின் காதுக்குப் போனது. கோவாக்காரர், இளகிய மனசு. "இந்த நோன்புக் காலத்தில் நம் வகுப்பு அந்தத் தாய்க்கு ஒரு பொக்கே கொடுக்கும்" என்று அறிவித்துவிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு டெஸ்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்து, பெஞ்சில் வைத்தே நோட்டில் கூட்டிப் பார்த்தேன். பூசை அறுபத்துமூன்று. ஜெபமாலை நாற்பத்தொன்று. அந்த நாற்பத்தொன்றும் நிஜமா என்றால், அதில் என் பங்கு எட்டு, நான் உண்மையில் சொன்னது இரண்டு. மற்றவர்கள் யோக்கியதையை இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின மாதம்தான் ஏ பிரிவுக்காரர்கள் பிரின்சிபாலின் திருநாளுக்கு முந்நூறு ஜெபமாலை என்று எழுதிக் கொடுத்துக் கைதட்டு வாங்கியிருந்தார்கள். நாற்பத்தொன்று என்று எழுதிய அட்டையை எப்படிக் கொண்டுபோய் நீட்டுவது? தங்க மசியைத் தொட்டு எழுதினேன், நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒரு சைபர் போட்டேன். பிறகு பூசைக்கும் ஒன்று. பார்க்க லட்சணமாக இருந்தது. ஃபாதர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, கண் கலங்க என் தலையில் கை வைத்தார். அடுத்தவர் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குப் பொய் எழுதியிருக்கிறோமே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனும் நானுமாக அட்டையைக் கொண்டுபோனோம். அவர்கள் இருந்தது ஒற்றைக் கோலி. பம்பாயில் அறைக்கு அதுதான் பேர். அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அட்டையில் இருந்த இங்கிலீஷை அவன் தமிழில் சொன்னான். நானூற்றுப் பத்து என்கிற இடம் வந்ததும் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தான். பிறகு சொல்லி முடித்தான்.

"ஒரு செவமாலைக்கு எத்தன தடவ மந்திரம் சொல்லணும்யா?" என்று அத்தை கேட்டாள்.

"அம்பத்துமூணு தடவ அத்தே."

"எம்மாடி! அப்படியா நானூத்திப் பத்து?" அவள் விரலை மடக்கி எண்ணப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். "பெத்த புள்ளகூட இப்படி வேண்டாதே. முன்னப்பின்ன தெரியாத புள்ளைங்க எனக்காவ வாய் நோவச் சொல்லியிருக்காவளே. நீங்க எல்லாம் நல்லா இருக்கணும் ராசா."

அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். அட்டையைச் சாமி படங்களுக்கு நடுவில், முருகனுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாதா நெற்றிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மஞ்சள் துணியில் காசு முடிந்து அட்டைக்கு முன்னால் வைத்து, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விளக்குப் போட்டு விரதம் இருப்பதாக நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்தில் இது சகஜம். இந்துக்கள் மாதாவுக்கு நேர்ந்துகொள்வார்கள், வேதக்காரர்களில் சிலர் யாருக்கும் தெரியாமல் அம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். மண்டலம் ஆரம்பித்துவிட்டால் விளக்கை விட்டு வேறு இடத்தில் படுக்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு நியமம். நான் அதைக் கேட்டுவிட்டு, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையைக் கொடுத்துச் சரியாக ஒரு வாரத்தில், அடுத்த வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து கடிதாசி வந்தது. பெட் காலியாகியிருக்கிறது, திங்கட்கிழமை காலைக்குள் வந்து சேராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம். இடைவேளையில் அவன் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"அம்மா போவ மாட்டேங்காலே" என்றான்.

"ஏம்ல?"

"மண்டலம் முடியட்டுங்கா. நானூறு செவமாலை சொன்ன பெறவு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா மாதாவ நம்பலன்னு ஆயிருமாம். அப்பா கத்துகத்துன்னு கத்திட்டாரு. கேக்க மாட்டேங்கா." அவன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ வந்து ஒரு வார்த்த சொல்லுல. நீ சொன்னா கேப்பா."

பள்ளிக்கூடம் விட்டதும் போனோம். உள்ளே அவன் அப்பா வாசல் பக்கம் குந்திக்கொண்டு தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாடே, நீயாவது சொல்லு, இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அவன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டான்.

நான் சுற்றிவளைத்தேன். மருந்தும் சாப்பிடலாம், ஜெபமும் பண்ணலாம் என்றேன். எங்கள் ஃபாதரே மாத்திரை சாப்பிடுகிறார் என்றேன். அத்தை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருமல் வந்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இருமல் நின்றதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"எய்யா, நீதானே அந்த அட்டைய எழுதுனது?"

"ஆமா அத்தே."

"அதுல போட்டிருக்குல்லா, அவ்வளவும் எனக்காவச் சொன்னதுதானே? அத மட்டும் சொல்லு. நீ சாமி கும்புடுத புள்ள, நீ சொன்னா நான் நம்புவேன்."

இதைவிட நேராக ஒரு கேள்வி எப்படி இருக்க முடியும்? இல்லை அத்தே, அதில் ஒரு சைபர் நான் போட்டது என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? கழுத்தில் அந்த மெடல் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா அத்தே" என்றேன். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "இன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"பாத்தியளா?" என்று அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அதோடு பேச்சு முடிந்தது. அவன் கதவை விட்டு வெளியே போய்விட்டான்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் நேரம், செய்த பாவத்தை ஃபாதரிடம் ஒப்புக்கொள்கிற சடங்கு அது. வயசான வெள்ளைக்கார ஃபாதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காது மந்தம் என்று பையன்கள் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். நானும் அதை நம்பித்தான் போனேன். எனக்கு வந்த நேரம், அன்றைக்கு அவருக்கு எல்லாம் கேட்டது. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பிறகு, அந்த அம்மாளுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். "உனக்கு நான் ஜெபம் எதையும் அபராதமாகக் கொடுக்கப்போவதில்லை. போய் அவளிடம் உண்மையைச் சொல். அதுதான் உன் அபராதம். நாளைக்கே சொல்" என்று இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். ஐம்பது ஜெபமாலை சொல்லு என்றிருந்தால் அங்கேயே முழங்காலில் உட்கார்ந்து சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அம்மாவோடும் அப்பாவோடும் போனேன். அபராதத்தைத் தீர்க்கும் எண்ணமே இல்லாமல் நன்மை வாங்கக் கூடாது. வாங்காமல் உட்கார்ந்திருந்தால் அம்மா, என்னலே பாவம் பண்ணினே என்று துளைத்தெடுத்துவிடுவாள். எழுந்துபோய் நாக்கை நீட்டினேன். பாவத்தின் மேல் பாவம். மத்தியானம் அவர்கள் வீடு வரைக்கும் போனேன். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. விளக்குத் தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக, சொன்னதை உண்மையாக்கிவிட்டால் என்ன? மண்டலம் முடிய இன்னும் நாற்பது நாள் சொச்சம் இருந்தது. குறைகிற ஜெபமாலை முந்நூற்று அறுபத்தொன்பது. நாளைக்குப் பத்து வீதம் சொன்னால் கணக்கு நேராகிவிடும், மாதாவும் குணமாக்கிவிடுவாள், யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். கணக்கில் நான் கெட்டி. அட கிறுக்கா, மாதா என்ன ரேஷன் கடையா வைத்திருக்கிறாள், கூப்பனைக் கொடுத்தால் சாமானைக் கொடுப்பதற்கு? பதினாலு வயசில் இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றும் சொல்ல மாட்டேன். தோன்ற விடவில்லை.

திங்கட்கிழமை ஆறு ஜெபமாலை சொன்னேன். அன்றைக்குத்தான் அத்தையின் பெட் வேறு யாருக்கோ போனது. செவ்வாய்க்கிழமை நாலு. ரயில் பாலத்தில் நடந்துகொண்டே, வகுப்பில் டெஸ்குக்கு அடியில் விரலை மடக்கிக்கொண்டே சொன்னேன். அல்ஜீப்ரா சார் என் வாய் அசைவதைப் பார்த்து, தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்துக் காதைத் திருகினார். அதை ஒறுத்தல் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். வேகமாகச் சொல்லிச் சொல்லி, வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டி என்ன சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போனது. கிழவர் ஃபாதர் வராந்தாவில் என்னைக் கடக்கும்போது நின்று பார்ப்பார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே அவர் வாய் திறந்து கேட்கக் கூடாது. அது அவர்களுடைய சட்டம். அந்தச் சட்டம் எனக்கு வசதியாக இருந்தது. குனிந்து "குட் மார்னிங் ஃபாதர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

பத்தாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, பரீட்சை வந்தது. ஜெபமாலை நாளைக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் இல்லை என்றாகிவிட்டது. மொத்தம் ஐம்பத்தேழு சொல்லியிருந்தேன். பரீட்சை முடிந்ததும் அப்பாவுக்கு ரயில்வே பாஸ் வந்தது, ஊருக்குப் போனோம். தாதரில் ரயில் நகர்ந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இத்தனை வயசுக்குப் பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த இருமல் கேட்காத இடத்துக்குப் போகிறேன் என்று சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஜூன் மாதம் மழையோடு திரும்பி வந்தோம். சந்துக்குள் நுழையும்போதே பக்கத்து வீட்டுக்காரி என் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை செத்துப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நாற்பத்தெட்டு நாள் முடிந்த மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறாள். அங்கே பெட் இல்லை. எங்கெங்கோ அலைந்து, ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் போட்டுக் கிடந்து, ஐந்தாம் நாள் ரத்தமாகக் கக்கிப் போய்விட்டாள். நேரத்தோடு சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படிச் சொல்வது வழக்கம்தான் என்று அப்பா சொன்னார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

பள்ளிக்கூடம் திறந்தது. என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. முதல் நாள் வரவில்லை, முதல் வாரமும் வரவில்லை. அவனுக்குக் கீழே சின்னத் தங்கச்சிகள் இரண்டு பேர். அப்பா கிடங்குக்குப் போய்விட்டால் வீட்டைப் பார்க்க ஆள் இல்லை. அவன் படிப்பு நின்றுவிட்டது. நான் போக வேண்டும், போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பத்து நாளைக் கழித்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை போனேன்.

அவன் ஸ்டவ்வில் உலை வைத்து அரிசி களைந்துகொண்டிருந்தான். தங்கச்சிகள் இரண்டும் கட்டிலில் விளையாடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் "வாலே" என்றான். கோபம் எதுவும் தெரியவில்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். ஆள் போன பிறகு சொல்வதற்கு எனக்குத் தைரியம் வந்திருந்தது.

"லேய், அந்த அட்டையில..." என்று ஆரம்பித்தேன். "அது நானூத்திப் பத்து இல்லலே."

"தெரியும்" என்றான். அரிசியை உலையில் போட்டான். "நீ கூட்டும்போது பக்கத்துலதானல இருந்தேன். நாப்பத்தொண்ணுன்னு உன் நோட்டுல பாத்தேன்."

இத்தனை நாளும் அவனுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்திருந்தது என்றதும், வெட்கத்தோடு எனக்கு ஒரு கோபமும் வந்தது. பழியில் பாதியை அவன் தலையில் இறக்கி வைத்துவிடலாம் என்று மனசு எப்படி ஓடியது பாருங்கள்.

"பெறவு ஏம்ல நீ சொல்லல? உங்க அம்மாதானே!"

அவன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அவ சிரிச்சதப் பாத்தேல்லா? எத்தன மாசம் கழிச்சு சிரிச்சா தெரியுமா? நான் எப்படில அவகிட்டச் சொல்லுவேன்? எனக்கு வாய் வரல. நீ சொல்லுவன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அன்னைக்கு உன்னக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

சின்னத் தங்கச்சி பசிக்கிறது என்று கத்தினாள். இரு, வடிச்சிருதேன் என்று அவளுக்குச் சொன்னான். பிறகு என்னைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ சொல்லியிருந்தா ரெண்டு நா அழுதிருப்பா. பெறவு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா."